குறிபார்த்துச் சுடுதல்: மன்னார்க் கரையோரம்

பொழுதுபோக்காகத் துவக்கு எடுத்துக் குறிபார்க்கும் பழக்கம் மன்னார்த் தீவுக்கும் அதற்கு எதிரே உள்ள பெருநிலக் கரைக்கும் வந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. வேறு பல ஊர்களில் இது அட்டையில் வரைந்த வட்டங்களைப் பார்த்து வளர்ந்த விளையாட்டு. மன்னாரில் இலக்காக நின்றது பறவை. அதனால் இக்கரையின் சுடுதல் வரலாற்றில் பாதிக்கு மேல் வாத்துகளும் உள்ளான்களுமே நிறைந்திருக்கின்றன.

காரணம் நிலத்திலேயே இருக்கிறது. வட ஆசியாவிலிருந்து இந்தியா வழியாகத் தெற்கே இறங்கும் பறவைகள் கடலைத் தாண்டியதும் காண்பது மன்னாரின் ஆழமற்ற களப்புகள், உப்புவெளிகள், அவற்றுக்கு உட்புறமாக நானாட்டான், முருங்கன் வயல்கள். இந்த வயல்களுக்கு நீர் தருவது அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து நிரப்பப்படும் கட்டுக்கரைக்குளம். பழங்காலத்தில் கட்டப்பட்டுப் பிறகு நெடுங்காலம் பாழாகிக் கிடந்த இக்குளத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் ஆங்கிலேயர் திருத்தினார்கள். குளம் நிறைந்தால் வயல் விளையும். வயல் விளையும் காலத்தில் பறவையும் வந்து இறங்கும். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமத்தலை வாத்து, உள்ளான் எனக் கூட்டம் கூட்டமாக வரும். இலங்கையில் பெரும்பாலும் வறண்ட வடமேற்குக் கரையோரங்களில் காணக்கூடிய கவுதாரியோ ஆண்டு முழுவதும் பற்றைகளுக்குள் ஓடித் திரியும்.

மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்கும் 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. அக்காலத் துவக்குகள் போருக்கானவை. அவற்றுக்கும் பொழுதுபோக்குக்கும் தொடர்பு குறைவு. நம் கதைக்குப் பொருத்தமான இடம் கோட்டைக்குத் தெற்கே உள்ள அரிப்பு. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாளிகை கட்டிய ஊர் அது. இடிந்த சுவர்கள் இன்றும் கடலோரத்தில் நிற்கின்றன. முத்துப் படுகைகளை ஆராய அரசாங்கம் அமர்த்திய இயற்கையியலாளர் ஹோல்ட்ஸ்வேர்த் இந்த அரிப்பில்தான் தங்கினார். சிப்பி பார்க்க வந்தவரின் கண் பறவை மேல் விழுந்தது. 1872இல் லண்டன் விலங்கியல் கழக வெளியீட்டில் அவர் அச்சிட்ட இலங்கைப் பறவைப் பட்டியலுக்கு அரிப்புச் சுற்றுவட்டாரம் நிறையவே கொடுத்திருக்கிறது. அக்காலத்தில் ஒரு பறவையை அடையாளம் காண்பது என்றால் அதைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்துப் பாடம் செய்வது. பீரங்கிப் படை அதிகாரியாக இலங்கையில் இருந்த வின்சென்ட் லெக் எழுதி 1880இல் நிறைவுற்ற இலங்கைப் பறவைகளின் பெருவரலாறும் அந்த வழியில் பிறந்த நூலே. ஆராய்ச்சி எது, வேட்டை எது என்று பிரித்துச் சொல்வது அன்று கடினம். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்தார்.

வேட்டைப் பிரியர்கள் தங்கள் திறமைக்கு உரைகல்லாகக் கொண்டது உள்ளான் சுடுதல். சேறும் வைக்கோல் கட்டையும் கிடக்கும் வயலில் துவக்குக்காரர் வரம்பின் மேல் நடப்பார். இருபுறமும் ஊர்ப் பையன்கள் சேற்றுக்குள் இறங்கி வரிசையாக வருவார்கள். பழுப்பு நிறம் மண்ணோடு மண்ணாகக் கலந்திருப்பதால் காலடிக்குப் பக்கத்தில் வரும்வரை பறவை தெரியாது. தெரிந்த கணத்தில் கரகரத்த ஒரு சத்தத்துடன் கிளம்பி, முதலில் இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறக்கும். பதறிச் சுட்டால் சன்னம் வெறுங்காற்றில் போகும். பறப்பு நேராகும் வரை பொறுத்துச் சுட்டவருக்கே பறவை. விழுந்த உள்ளானின் எடை ஏறத்தாழ 100 கிராம். அந்த இறைச்சிக்காக அவ்வளவு தூரம் சேற்றில் நடக்க எவருக்கும் தேவையில்லை. குறி தப்பவில்லை என்ற பெருமைதான் கூலி. பறவையைத் தேடி எடுத்துக்கொடுத்த பையன்களின் பெயர் எந்த வேட்டைப் புத்தகத்திலும் இல்லை.

ஊரவர் கையில் இருந்தது வேறு துவக்கு. இடியன் என்று வன்னியிலும் மன்னாரிலும் சொல்லப்படும் அதற்குக் குழாயின் வாய்வழியே மருந்தைக் கொட்ட வேண்டும். மேலே தேங்காய்த் தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, ஈயச் சன்னங்களைப் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடிக்க வேண்டும். இத்தனையும் செய்தால் ஒரு வெடி. அது தவறினால் வயலுக்கு வந்த பன்றி ஓடிவிடும். மறுபடி இடித்து முடிப்பதற்குள் விடிந்தும் விடலாம். ஆகவே இடியன்காரன் விளையாட்டுக்குச் சுடுவது அரிது. வயற்காவலும் இறைச்சியுமே அவனுக்கு நோக்கம். ஆனால் ஒரே வெடியில் காரியத்தை முடித்தாக வேண்டிய கட்டாயத்தில் வளர்ந்த அவனுடைய குறி, தோட்டாப் பெட்டியோடு வந்த துரையின் குறிக்கு எவ்விதத்திலும் குறைந்ததாக இருந்திருக்காது.

சட்டம் மெதுவாக வந்தது. யானை, எருமை முதலியவற்றைக் கண்டபடி கொல்வதைத் தடுக்க 1891இல் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1894இல் வேட்டைக்காரர்களே கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாளைக்குச் சுட விலங்கு மிஞ்ச வேண்டுமே என்ற கவலைதான் முதற் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சங்கமே பின்னாளில் நாட்டின் முதன்மையான இயற்கைப் பாதுகாப்பு அமைப்பாக வளர்ந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மன்னாரின் தெற்கு எல்லையில் உள்ள வில்பத்து 1938இல் தேசிய வனமானது. கட்டுக்கரைக்குளம் 1954இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1993இல் வந்த திருத்தம், பட்டியலிட்ட சிலவற்றைத் தவிர எல்லாப் பறவைகளையும் காப்பின் கீழ் கொண்டுவந்தது. பறவையைச் சுட்டுப் பொழுதுபோக்கும் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லாமற் போயிற்று.

பறவையைக் கொல்லாமல் குறிபார்ப்பது எப்படி என்ற சிக்கலுக்கு உலகின் பிற இடங்களில் வேறு விடை கண்டார்கள். கூண்டிலிருந்து புறாவைப் பறக்கவிட்டுச் சுடும் பந்தயம் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியிருந்தது. புறாவுக்கு மாற்றாக முதலில் கண்ணாடிப் பந்துகளை எறிந்து பார்த்தார்கள். 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் தட்டை உருவாக்கினார். அப்படியும் 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி நடந்து, ஏறத்தாழ 300 பறவைகள் மடிந்தன. அதன் பிறகு ஒலிம்பிக்கில் உயிருள்ள இலக்கு வைக்கப்படவில்லை. இன்று ட்ராப் போட்டியில் இயந்திரம் வீசுவது 110 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டு.

இலங்கையில் அட்டை இலக்கு படைகளோடு வந்தது. 1881இல் தொண்டர் காலாட்படையும் 1900இல் தோட்டத்துரைமாரின் ரைபிள் படையும் அமைந்தபின் சுடுதல் பயிற்சியும் பரிசுக் கேடயங்களும் கொழும்பிலும் மலைநாட்டிலும் பெருகின. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த விளையாட்டு பெரும்பாலும் முப்படைகள், பொலிஸ், தென்னிலங்கைப் பாடசாலைகள் ஆகியவற்றின் கையிலேயே இருக்கிறது. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த கொமன்வெல்த் விளையாட்டில் புஷ்பமாலி ராமநாயக்க, மாலினி விக்கிரமசிங்க இணை தங்கம் வென்றது. இராணுவ வீராங்கனை தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியில் பங்கேற்றார்.

தமிழர் பெயர்களைத் தேடினால் கடலுக்கு அப்பால் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரிதிவிராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் சுட்டார். வேட்டைத் துவக்கு வைத்திருந்த சமஸ்தானம் ஒன்றின் வழிவந்தவர் களித்தட்டை நோக்கித் திரும்பியிருப்பது, இந்த விளையாட்டு உலகெங்கும் நடந்துவந்த பாதையை ஒரே குடும்பத்துக்குள் காட்டுகிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் காற்றுத் துவக்கு ஏந்தினார். அவர் குறிபார்க்கும் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர்தான். இந்தப் பக்கத்தில் உள்ள ஒரு முற்றுப்புள்ளியளவு.

மன்னாருக்கு இப்படி விளையாட்டாகக் குறிபார்க்கும் வாய்ப்பை உள்நாட்டுப் போர் தரவில்லை. 1990இல் தலைமன்னார் வரையிலான ரயில் பாதையும் அழிந்து, தீவு நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டாகிப் போனது. 2008 நடுப்பகுதியில் மடு, அடம்பன், விடத்தல்தீவு என ஒவ்வோர் ஊராகப் போர்முனை நகர்ந்துகொண்டிருந்தது. வியப்பு என்னவென்றால் அதே ஆண்டில்தான் வங்காலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 4,839 ஹெக்டயர் பரப்புள்ள அந்த ஈரநிலம் 2010இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இலங்கையின் நான்காவது தலமானது. மதவாச்சியிலிருந்து மன்னாருக்கு வரும் ஏ14 வீதி அதன் ஊடாகவே செல்கிறது. ரயிலும் 2015இல் தலைமன்னார் வரை திரும்ப ஓடத் தொடங்கியது. மாரிக்காலத்தில் வீதியோரம் தொலைநோக்கியோடும் கமெராவோடும் நிற்பவர்கள் தேடுவது பூநாரையையும் நண்டுதின்னியையும்.

துவக்குச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறைக்கு அதை விளையாட்டென்று சொல்லிப் புரியவைப்பது எளிதன்று. அவர்களின் பிள்ளைகளோ கொய்யாக் கவட்டில் சைக்கிள் ரியூப் கட்டிக் கெற்றப்போல் செய்து, மதிலில் அடுக்கிய தகரப்பேணிகளை விழுத்திக்கொண்டிருக்கிறார்கள். குறிபார்க்கும் ஆசை அங்கே குறையவில்லை. 10 மீற்றர் காற்றுத் துவக்குக்கு வேண்டியது ஒரு நீண்ட மண்டபம், முறையான அனுமதி, தேர்ந்த பயிற்சியாளர், பூட்டிவைக்க ஓர் அலுமாரி. விளையாட்டுத்துறை அமைச்சும் வடமாகாணக் கல்வித் திணைக்களமும் மன்னார்ப் பாடசாலை ஒன்றில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.