மானியமும் மனச்சான்றும்

பாலியல் வல்லுறவுக்கு ஆளான ஒரு பெண் நள்ளிரவிலே உதவி நாடித் தொலைபேசியை எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவருக்குப் பயிற்சி வேண்டும். அவர் அமர ஓர் அறை வேண்டும். அந்த அறைக்கு வாடகை வேண்டும். மருத்துவமனைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அப்பெண்ணோடு துணை செல்ல ஆள் வேண்டும். இவை அனைத்துக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எத்தகைய நிபந்தனையோடு வருகிறது என்பதைக் கணக்கப்பிள்ளையின் கவலை என்று ஒதுக்கிவிடலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் அரை நூற்றாண்டு அனுபவத்தை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை நாம் ஆராய்வோம்.

1971 ஜனவரியில் நியூயோர்க் நகரத்துத் தேவாலயம் ஒன்றிலே பெண்கள் கூடி, தமக்கு நேர்ந்த வல்லுறவுக் கொடுமைகளைப் பகிரங்கமாக எடுத்துரைத்தனர். அதுவரை தனியொருத்தியின் அவமானமாகக் கருதப்பட்டது அன்று சமூகத்தின் குற்றமாக உருப்பெற்றது. 1972இல் வொஷிங்டன் நகரிலே வல்லுறவுக்கு ஆளானோருக்கான உதவி நிலையம் ஒன்று தோன்றியது. இத்தகைய நிலையத்தை அமைப்பது எப்படி என்று விளக்கும் கைந்நூல் ஒன்றையும் அதனை நடத்தியோர் அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். பிற நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் எழுந்தன. தொண்டர்களே அவற்றின் முதுகெலும்பு. யாருக்கும் கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. ஆதலால் யாருக்கும் அஞ்சவேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆயினும், அந்தச் சுதந்திரத்தின் விலையை நாம் மறைத்தலாகாது. பகல் முழுவதும் ஆலையிலோ அலுவலகத்திலோ உழைத்துக் களைத்தவள் இரவிலும் ஊதியமின்றி விழித்திருப்பது எத்தனை நாளைக்கு இயலும்? ஊதியமில்லாத தொண்டு, நாளடைவில், ஓய்வும் வசதியும் உடையோரின் தொண்டாகவே சுருங்கிவிடும். ஆகவே இந்நிலையங்கள் அரசாங்கத்திடம் பணம் கேட்டதைச் சரணாகதி என்று எள்ளி நகையாடுவது எளிது, நியாயமாகாது.

முதலிலே கிடைத்த மத்திய அரசின் பணத்தில் ஒரு பகுதி, 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான சட்ட அமுலாக்க உதவி நிர்வாகத்திலிருந்து வந்தது. குற்றத்தை அடக்குவதே அந்நிறுவனத்தின் நோக்கம். எத்தனை முறைப்பாடுகள், எத்தனை தண்டனைகள் என்பதே அதன் அளவுகோல். பொலிசாரிடம் செல்ல விரும்பாத பெண்ணுக்கு அந்த அளவுகோலில் இடம் ஏது? நீதித்துறையோடு இயக்கம் கொண்டிருந்த நெருக்கத்தைக் கண்டித்து, 1977இல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரத்துப் பெண்கள் குழுவொன்று பகிரங்கக் கடிதம் எழுதிற்று. பொலிசாரின் தடியையும் நிறவெறியையும் நேரில் அறிந்த கறுப்பினப் பெண்களுக்கு இது வெறும் தத்துவ விவாதமன்று. 1979இல் வொஷிங்டன் நிலையத்தின் தலைமையை ஏற்ற லொரெட்டா ரொஸ் போன்றோர் இக்கேள்வியை உரத்து எழுப்பினர். 1982இல் அந்த நிர்வாகமே கலைக்கப்பட்டது. அதனை நம்பியிருந்தோர் வேறு வாசல்களைத் தட்ட நேர்ந்தது.

1984இல் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான சட்டம் பிறந்தது. அதன்கீழ் அமைந்த நிதிக்கு வரிப்பணம் செல்வதில்லை. மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளிகள் செலுத்தும் அபராதமே அதன் ஊற்று. கேட்பதற்கு இது மிக நேர்த்தியான நீதியாகத் தோன்றும். ஆனால் பெருந்தொகை அபராதம் செலுத்துபவை பெருங் கம்பனிகளே. 2000ஆம் ஆண்டிலிருந்து, இந்நிதியில் ஆண்டுதோறும் செலவிடத்தக்க தொகைக்குக் கொங்கிரஸ் உச்ச வரம்பு விதித்து வருகிறது. 2014இல் 74.5 கோடி டொலராக இருந்த வரம்பு 2015இல் 236 கோடியாகவும், 2018இல் 440 கோடியாகவும் உயர்ந்தது; 2024இலோ 135 கோடியாக வீழ்ந்தது. வல்லுறவு குறைந்துவிட்டதா? இல்லை. கம்பனிகள் மீதான வழக்குகள் விசாரணைக்குச் செல்லாமல் உடன்படிக்கைகளால் முடிக்கப்பட்டபோது, அப்பணம் இந்நிதிக்கு வராமல் பொதுத் திறைசேரிக்குச் சென்றது. 2021 ஜூலையில் ஒரு திருத்தச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. எனினும் வற்றிய ஊற்று உடனே நிரம்பிவிடவில்லை. நள்ளிரவுத் தொலைபேசியை எடுக்க ஆள் இருப்பதும் இல்லாததும், எங்கோ ஒரு கம்பனி செலுத்திய அபராதத்தைப் பொறுத்து அமைவது என்ன நீதி?

1994இல் பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டம் நிறைவேறியது. ஆயினும், பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்கு நேரடியாக உதவும் பணிக்கென்றே தனியானதொரு மத்திய மானியம், 2006 ஜனவரியில் ஒப்பமிடப்பட்ட புதுப்பிப்புச் சட்டத்தின் வழியாகவே உருவாயிற்று. வொஷிங்டன் நிலையம் தோன்றி முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்த பின்னர்!

அதே சட்டத்தில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய இரண்டு விதிகள் உண்டு. மானியம் பெறும் நிலையம், உதவி நாடி வந்தவரின் அடையாளத்தை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்பது ஒன்று. பொலிசாரிடம் முறையிட்டாலும் முறையிடாவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டணமின்றி மருத்துவச் சான்றுப் பரிசோதனை கிடைக்கவேண்டும்; அதற்கு வழிசெய்யாத மாநிலம் அச்சட்டத்தின்கீழுள்ள முக்கிய மானியமொன்றைப் பெறாது என்பது மற்றொன்று. நிபந்தனை என்பது எப்பொழுதும் விலங்கல்ல. 1977இல் கண்டனமாக ஒலித்த அதே கவலை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின் மானியத்தின் நிபந்தனையாகச் சட்டத்திலே எழுதப்பட்டது. பணம் இயக்கத்தை வளைத்தது உண்மை. இயக்கமும் பணத்தை வளைத்தது என்பதும் உண்மையே.

ஆகவே, மானியம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. நிபந்தனையை எழுதுவது யார் என்பதே கேள்வி. கோப்புகளை மட்டும் அறிந்தவர் எழுதினால், அவர் எண்ணிக்கையைக் கேட்பார். பாதிக்கப்பட்டவரின் அருகே அமர்ந்து இரவைக் கழித்தவர் எழுதினால், அவர் இரகசியத்தையும் மரியாதையையும் கேட்பார். பாதிக்கப்பட்ட ஆணையும் சிறுவனையும் கூட மறவார்.

சமூகம் காக்கத் தவறிய ஒருவருக்கு அச்சமூகம் செலுத்தவேண்டிய கடனே இப்பணம். யாரும் இடும் பிச்சையல்ல. கடனாயின் அது நிலையான பொது வருமானத்திலிருந்து, ஆண்டு தவறாமல், வரவேண்டும். அபராதம் பெருகிய ஆண்டில் வாரி வழங்குவதும் அருகிய ஆண்டில் கைவிரிப்பதும் கடன் தீர்க்கும் முறையாகா. இதனை உரிமையாகக் கேட்கும் குரல் வகுப்பறைகளிலும் மாணவர் மன்றங்களிலும் தொழிற்சங்கங்களிலும் எழவேண்டும் என்பதே எமது துணிபு.