கல் கோயிலும் செங்கல் கோபுரமும்

இங்கிலாந்தின் பேராலய நகரம் ஒன்றைப் பார்க்க ஒரு பகல் போதும். கேன்டர்பரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு வாசல் வழியாக நுழைந்து, சீட்டு வாங்கி, 1170-ல் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டுண்ட இடத்தில் கொஞ்சம் நின்று, ஸ்டூர் ஆற்றில் படகு ஏறி இறங்கி, சாயங்கால ஆராதனையில் பாடகர் குழுவைக் கேட்டுவிட்டு ரயிலைப் பிடித்துவிடலாம். ஊர் சின்னது. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது.

கொல்கத்தாவில் ஒரே கோபுரம் என்ற கணக்கு செல்லாது. ஆங்கிலிக்கன் பேராலயம் என்று சொல்ல இங்கே இரண்டு உண்டு. 1815 முதல் 1847 வரை அந்தப் பதவியில் இருந்து ஓய்வுபெற்றது செயின்ட் ஜான்ஸ். அதனிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டது செயின்ட் பால்ஸ். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் ருசி. காலையில் பழையதற்குப் போங்கள்.

ஆளுநர் மாளிகைக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் பக்கத்தில், வக்கீல்களும் டீக்கடைகளும் நெருக்கும் தெருக்களுக்கு நடுவே செயின்ட் ஜான்ஸ் இருக்கிறது. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1784-ல் அடிக்கல் நாட்டினார். 1787-ல் கட்டி முடித்தார்கள். லண்டனின் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தைப் பார்த்துப் போட்ட நகல்தான். ஆனால் நகலுக்குள் போன சரக்கு முழுக்க உள்ளூர்ச் சரக்கு. பணத்தில் ஒரு பங்கு லாட்டரிச் சீட்டு விற்றுத் திரட்டியது. மனை கொடுத்தவர் ஷோபாபஜார் நபகிருஷ்ண தேப். 1757-ல் தன் வீட்டில் துர்கா பூஜையைத் தடபுடலாகத் தொடங்கிவைத்த அதே மகாராஜாதான். கல் வந்தது கௌரிலிருந்து. வங்கத்துச் சுல்தான்களின் பழைய தலைநகரின் இடிபாடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். செங்கல்லையே நம்பிய ஊரில் கல்லைக் கண்டதும் ஜனங்கள் ‘பாத்துரே கிர்ஜா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கல் கோயில் என்று அர்த்தம்.

உள்ளே ஒரு படத்துக்காகவே போகலாம். ஜொஹான் ஜோஃபனி 1787-ல் வரைந்த ‘கடைசி இராப்போஜனம்’. சீஷர்களின் முகங்களுக்கு அன்றைய கல்கத்தாவாசிகளையே பிடித்து உட்கார வைத்தார். யேசுவாக ஒரு கிரேக்கப் பாதிரியார்; யூதாஸாக ஊரறிந்த ஏலக்காரர் ஒருவர் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. முகங்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். சேவகன் இடுப்பில் தொங்குவது போன்ற ஒரு வாள், தண்ணீர்க்காரனின் தோல் துருத்தி, எச்சில் படிக்கம். எருசலேமின் மேல்மாடி அறையில் படிக்கம்! பைபிளையே கல்கத்தா வீட்டுக் கூடத்துக்கு இறக்கிவிட்டார் மனுஷர்.

வெளியே தோட்டத்தில் எண்கோண மண்டபம் ஒன்று, ஜாப் சார்னக்கின் சமாதி. நகரத்தை உண்டாக்கியவர் சார்னக் என்று சொல்லக் கூடாதென 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த நீதிமன்றமே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. நான் குனிந்து பார்த்தது பெயரையல்ல, கல்லை. கருமையும் நீலமும் கலந்த மங்கலான பளபளப்பு, தொட்டால் குளிர்ச்சி. நம்மூர்ப் பல்லாவரத்துக் கல் அது. நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் பல்லாவரம் பாறையை ஆராய்ந்தபோது, இந்தக் கல்லறையை நினைத்து அந்த இனத்துக்கே ‘சார்னக்கைட்’ என்று பெயரிட்டார். சார்னக்கின் பெண்கள் மூவருக்கு 1689-ல் ஞானஸ்நானம் நடந்ததும் நம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்தான்.

லேடி கேனிங்கின் நினைவுச் சின்னம் தாழ்வாரத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அவரை லெடிகெனி என்ற பாகுப் பலகாரத்தின் பேரில்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதுவே போதும்.

எஸ்பிளனேடில் மெட்ரோ ஏறி மைதான் நிலையத்தில் இறங்கி நடந்தால் செயின்ட் பால்ஸ். பிர்லா கோளரங்கம் ஒரு பக்கம், விக்டோரியா நினைவு மண்டபம் இன்னொரு பக்கம். பழைய கோயில் இடம் போதாமல் போகவே, பிஷப் டேனியல் வில்சன் முனைந்து நின்று எழுப்பியது. 1839-ல் அடிக்கல், 1847-ல் பிரதிஷ்டை. வரைந்தவர் மேஜர் வில்லியம் நாயர்ன் ஃபோர்ப்ஸ், ராணுவப் பொறியாளர். முதலில் இதன் உச்சியில் இருந்தது நார்விச் பேராலயத்துச் சாயலில் ஒரு கூர்முனை. 1897 நிலநடுக்கம் அதை ஆட்டிவிட்டது. செப்பனிட்டு நிறுத்தினார்கள், 1934 ஜனவரி பீகார் நிலநடுக்கம் மறுபடி தள்ளிவிட்டது. இனி ஊசி வேண்டாம் என்று 1938-ல் கேன்டர்பரியின் ‘பெல் ஹாரி’ கோபுரத்தைப் பார்த்துச் சதுரக் கோபுரமாகக் கட்டினார்கள். அங்கே 235 அடி, இங்கே 201.

அந்த மூலக் கோபுரமும் முழுக் கல் அல்ல. வெளியே பிரெஞ்சுக் கல்லைப் போர்த்தியிருக்கிறார்கள். உள்ளே ஏறத்தாழ 4.8 லட்சம் செங்கல். கொல்கத்தாவில் செங்கல்லுக்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு. ஆக, நகல் என்று இதைத் தள்ளுகிறவர்கள் அசலின் தோலை மட்டும் பார்த்தவர்கள்.

உள்ளே நுழைந்தால் தூண்களின் காடு கிடையாது, ஒரே கூடம். நீண்ட கம்பிகளில் மின்விசிறிகள் வரிசையாகத் தொங்குகின்றன. கேன்டர்பரிக்கு இந்த வேலை இல்லை. மேற்குச் சுவரில் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல், 1880. அந்தமானில் 1872-ல் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோவின் நினைவாக வைத்தது. பிற்பகலில் போய் உட்காருங்கள், சூரியன் மேற்கே சாயும்போது அதன் நிறங்கள் எழும்பும்.

இரண்டில் எது கொல்கத்தாவுக்குச் சொந்தம்? ராஜாவின் மனை, கௌர் கல், உள்ளூர் முகங்கள் என்று கட்டிய செயின்ட் ஜான்ஸ்தான் என்று வாதாடலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது இன்று சீட்டு வாங்கிப் பார்க்கும் இங்கிலீஷ்காரர் கல்லறைத் தோட்டம். இருட்டறைச் சம்பவ நினைவுத் தூணைக்கூட 1940-ல் தெருவிலிருந்து பிடுங்கி அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். சீமையைப் பார்த்து எழுப்பிய செயின்ட் பால்ஸ்தான் ஊர்ப் பொதுவாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வங்காள மொழியில் ‘பொடோ தின்’, பெரிய நாள் என்று பெயர். அதற்கு முந்தின ராத்திரி இங்கே வரும் கூட்டத்தில் கிறிஸ்தவர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. நியூ மார்க்கெட்டில், 1902-ல் தொடங்கிய நஹூம் என்ற யூதர் கடையில் வரிசையில் நின்று கேக் வாங்கி, பார்க் ஸ்ட்ரீட் விளக்குகளைப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

அவர்கள் கடந்துபோகும் கூடத்தில் மண்டியிட்ட பளிங்குச் சிலை ஒன்று உண்டு. கல்கத்தாவின் இரண்டாவது பிஷப் ரெஜினால்ட் ஹீபர்; செதுக்கியவர் லண்டன் சிற்பி சான்ட்ரி. திருச்சிக்காரர்களுக்கு இந்தப் பேர் கல்லூரியின் பேர். 1826 ஏப்ரலில் அங்கே குளிக்கப் போன குளத்தில் உயிர் போயிற்று, அடக்கமும் திருச்சியிலேயே. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலும் சான்ட்ரியின் கையால் அவருக்கு ஒரு நினைவுச் சிற்பம் இருக்கிறது. சென்னையைப் போலவே இங்கே வாசலில் ஓடும் தெருவின் பெயரும் கதீட்ரல் ரோடுதான். அன்று சாயங்காலம் வெளியே வந்து பெயர்ப் பலகையைப் பார்த்ததும், ஜெமினி பக்கம் எந்தப் பஸ் போகும் என்று ஒரு விநாடி யோசித்துவிட்டேன்.