ஸ்வீடன் 1986: ஒரு கொலை, ஒரு ஷூ

இன்னிக்கு ஒரு நாட்டோட ஒரே ஒரு வருஷத்தைப் பத்திப் பேசப் போறோம். நாடு ஸ்வீடன், வருஷம் 1986.

பிப்ரவரி 1-ஆம் தேதி ஆல்வா மிர்தால் இறந்தார். முந்தின நாள்தான் 84 வயது நிறைந்திருந்தது. 1950-களில் டெல்லியில் ஸ்வீடனின் தூதராக இருந்தவர். அணு ஆயுதக் குறைப்புக்காக உழைத்து, 1982-ல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

அதே மாதம் 28, வெள்ளிக்கிழமை. பிரதமர் ஓலோஃப் பால்மே பாதுகாவலர்களைப் பகலிலேயே அனுப்பிவிட்டார். ராத்திரி மனைவி லிஸ்பெத்துடன் மெட்ரோ ஏறி சினிமாவுக்குப் போனார். நம்ம ஊர்ல கவுன்சிலர்கூட இப்படிப் போவாரான்னு யோசிச்சுப் பாருங்க! அன்றைய ஸ்வீடனில் அது சாதாரணமாக இருந்தது.

படம் முடிந்து இருவரும் நடந்தே திரும்பினார்கள். இரவு 11.21-க்கு, ஸ்டாக்ஹோமின் ஸ்வெயாவேகன் சாலை முனையில், பின்னாலிருந்து ஒருவன் சுட்டான். பால்மே இறந்தார். லிஸ்பெத் லேசான காயத்தோடு தப்பினார். சுட்டவன் பக்கத்துத் தெருவுக்குள் ஓடி, படிக்கட்டு ஏறி மறைந்தான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. போலீஸ் கயிறு கட்டி மறித்த இடம் ரொம்பச் சின்னது. இரண்டு தோட்டாக்களையும் கண்டெடுத்தது போலீஸ் இல்லை, பொதுமக்கள். முதல் தோட்டாவைப் பார்த்தவர் ஒரு இந்தியப் பத்திரிகையாளர்! 1989-ல் ஒருவருக்குத் தண்டனை கிடைத்து, அதே வருஷம் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். 2020-ல், ஏற்கனவே இறந்துபோன வேறொருவரைச் சந்தேக நபர் என்று சொல்லி வழக்கை மூடினார்கள். அந்தக் குற்றச்சாட்டு கோர்ட்டில் நிரூபிக்கப்படவே இல்லை. முதல் சில மணி நேரத்தில் தவறவிட்ட தடயங்களை 34 வருஷத்திலும் மீட்க முடியவில்லை.

நடுவில், மார்ச் 24 அன்று போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் ஊழல் செய்தியை மறுவருஷம் ஸ்வீடன் வானொலிதான் உடைத்தது. அதுக்குத் தனி எபிசோடே வேணும்.

கொலை நடந்து சரியாக இரண்டு மாதம். ஏப்ரல் 28, திங்கள் காலை. ஃபார்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியர் கதிர்வீச்சுக் கருவியைக் கடந்தார். அலாரம் அடித்தது. ஆனால் அவர் அன்னிக்குக் கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகவே இல்லை! கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, அலாரம் அடிக்கும் அளவை மாற்றிவைத்தார்கள். சத்தம் நின்றது. நம்ம டீம்ல த்ரெஷோல்டை ஏத்தி அலர்ட்டை அமைதியாக்குவோமே, அதேதான்.

கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு வரிசையே நின்றது. யார் வந்தாலும் அலாரம். அந்த ஊழியர் ஒருவரின் ஷூவை வாங்கிப் போய் லேபில் சோதித்தார். அந்த நிலையத்தில் சாதாரணமாக இருக்காத கதிரியக்கப் பொருட்கள் அதில் இருந்தன. முதலில் தங்கள் உலைதான் கசிகிறது என்று பயந்து, ஊழியர்களை வெளியேற்றினார்கள். பிறகு காற்றின் திசையைப் பார்த்தால், அது சோவியத் பக்கம் கை காட்டியது. அன்று இரவு மாஸ்கோ டி.வி. சில வரிகளில் ஒப்புக்கொண்டது: செர்னோபில். விபத்து நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தூரம் சுமார் 1,100 கிலோமீட்டர்.

யேவ்லே நகரத்துப் பக்கம் மழையோடு சீசியம் இறங்கியது. பாசி மாதிரிப் படரும் லைக்கன் அதை உறிஞ்சியது. லைக்கனை ரெய்ண்டீர் மான்கள் மேய்ந்தன. அந்த மான்களை நம்பி வாழும் சாமி என்ற பழங்குடி மக்கள், டன் கணக்கில் இறைச்சியை வீணாக்க வேண்டியதாயிற்று. எந்த உலையும் அவர்கள் ஊரில் இல்லை.

ஆன்-காலில் அலர்ட்டை மியூட் பண்ணப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஷூ ஞாபகம் வரும். மியூட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை லாக்கைத் திறந்து பார்ப்பேன். நீங்களும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.