மதுரை வீதிகளில் ஒரு கணக்குப் பாடம்

ஓர் இடத்தைக் கணக்கில் சொல்ல இரண்டு வழிகள். குறுக்கே இவ்வளவு, நெடுக்கே இவ்வளவு என்பது செவ்வக முறை. 1637-ல் வெளிவந்த டெகார்ட்டேயின் நூலிலிருந்து வளர்ந்தது. நடுப்புள்ளியிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பது துருவ முறை. ஜேக்கப் பெர்னூலி இதைப் பற்றி 1691-ல் எழுதினார்.

மதுரையில் நடுப்புள்ளி மீனாட்சியம்மன் கோயில். மேலமாசி வீதி என்றால் 'மேல' திசை. 'மாசி' தூரம், அதாவது ஆடி, சித்திரை, ஆவணி மூலம் தாண்டிய நாலாவது சுற்று. 1840-ஐ ஒட்டி கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்தபின் வந்த வெளி வீதிகளுக்கும் திசை வைத்தே பெயர். கோட்டை போனது, நடுப்புள்ளி நகரவில்லை.

ஒரு விஷயம் கவனியுங்கள். வீதிகள் வட்டமல்ல, ஏறக்குறைய சதுரம். அதனால் ஒரே வீதியின் மூலை, அதன் நடுப்பகுதியைவிடக் கோயிலிலிருந்து சுமார் 1.4 மடங்கு தூரம். ஆக, மதுரையில் பெயர் துருவ முறை, வடிவம் செவ்வக முறை!