கொறங்காட்டுப் பட்டியும் கோசு வளரும் பையும்

வெள்ளகோவிலைச் சுற்றியுள்ள நிலம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்து, ஆண்டுக்கு 600 மி.மீ. அளவை ஒட்டிய மழையையே நம்பி வாழ்ந்த சரளை கலந்த செம்மண் பூமி என்பதால், அதன் வேளாண்மை வரலாற்றைப் பெரும்பாலும் எருவின் வரலாறாகவே எழுத வேண்டியிருக்கிறது. இன்று நகரத்து மொட்டைமாடிகளில் பைக்குள் முட்டைக்கோஸ் வளர்ப்போர் எதிர்கொள்ளும் கேள்வியும், தன்னிடம் போதிய சத்து இல்லாத ஓர் ஊடகத்துக்கு யார், எதைக் கொண்டு உணவூட்டுவது என்ற அதே பழைய கேள்விதான். அந்தப் பைகளை நிரப்பும் தென்னை நார்க்கழிவில் ஒரு பங்கு இந்த வட்டாரத்திலிருந்தே செல்கிறது.

பழைய விடை கொறங்காடு. கிளுவையை உயிர்வேலியாக நட்டு அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளரவிட்டு, காங்கேயம் மாடுகளையும் மயிலம்பாடி, மேச்சேரி இனச் செம்மறிகளையும் முறைவைத்து மேயவிடும் தனியார் மேய்ச்சல் நிலத்துக்கு இப்பகுதியில் அப்பெயர் வழங்குகிறது. உழவுக்கு ஒவ்வாத நிலத்தில் விளைந்த புல், ஆட்டின் வயிற்றில் எருவாகி, உழவு நிலத்துக்கு வந்து சேர்ந்தது என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். அறுவடை முடிந்த காட்டில் படல்களை நான்கு புறமும் நிறுத்தி, இரவில் ஆடுகளை உள்ளே அடைத்து, சில இரவுகளுக்கு ஒருமுறை படல்களைப் பெயர்த்து அடுத்த துண்டு நிலத்தில் நிறுத்துவதைப் பட்டி போடுதல் என்றனர். தமிழகத்தின் பிற பகுதிகளில் இதுவே கிடை எனப்படும். புழுக்கையை மட்டும் அள்ளிச் சென்று கொட்டும் முறையில் கிடைக்காத ஒன்று இதில் உண்டு. ஆட்டின் சிறுநீரில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும், அதாவது நைட்ரஜனும் பொட்டாசியமும், மிகுதி என்பதால், தொழுவத்தில் வீணாகிவிடும் அந்தச் செல்வம் பட்டி போட்ட நிலத்தில் நேரே மண்ணுக்குள் இறங்கியது. பட்டிப் பொங்கலன்று சாணத்தால் சிறு தெப்பக்குளம் கட்டி வழிபடும் கொங்கு வழக்கத்தை, எருவுக்குச் செய்யும் மரியாதையாகவும் காண்பது பொருத்தமே.

முட்டைக்கோஸ் இந்த நிலத்தின் பயிரன்று. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்றதற்குப் பின், அங்குக் குடியேறிய ஐரோப்பியர்கள் தங்கள் நாட்டுக் காய்களை மலையில் பயிரிட்டனர். மலிவாகக் காய்கறி பெறுவதற்காக அவர்கள் சந்தா திரட்டி 1845இல் உதகையில் தொடங்கிய தோட்டம் நிலைக்காமல் போக, 1848இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் மெக்ஐவர் அதைத் தாவரவியல் பூங்காவாக வளர்த்தெடுத்தார். சமவெளிச் சந்தைகளில் கோசும் கேரட்டும் இன்றளவும் ‘இங்கிலீஷ் காய்’ என்று அழைக்கப்படுவது அந்தக் குடியேற்றத்தின் எச்சம். குளிரை விரும்பும் இப்பயிரைக் கொங்குச் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி நட்டால்தான் இலைகள் மூடிக் கெட்டியாகத் திரளும்.

சமவெளியின் முகத்தை மாற்றியது தென்னை. கிணறுகள் ஆழமானதும், பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் நீர் வெள்ளகோவில் கிளை வாய்க்கால் வழியே கடைமடைக்கு எட்டியதும், காங்கேயத்தில் தேங்காய்க் களங்களும் எண்ணெய் ஆலைகளும் பெருகியதும் சேர்ந்து, தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் ஆலைகளுக்கு வழிவகுத்தன. நாரைப் பிரித்தபின் எஞ்சும் பழுப்புத் தூள்தான் நார்க்கழிவு. லிக்னின் என்னும் மரத்தன்மைப் பொருள் அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு இருப்பதால் எளிதில் மக்காது. ஆகவே அது ஆலையோரங்களில் நெடுங்காலம் மலையாகக் குவிந்து கிடந்தது. 1862இலேயே இங்கிலாந்தில் ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் இதைத் தோட்டங்களுக்குப் பரிந்துரைத்திருந்தும், கொங்கு நாட்டில் அது கழிவாகவே கருதப்பட்டது.

1980களில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் என்ற அளவில் மாறிமாறி அடுக்கி ஈரம் காத்தால், கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்பதிலிருந்து 24:1 ஆகக் குறைகிறது. இந்த விகிதத்தில்தான் பைப் பயிரின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன. மக்காத தூளில் கரிமம் மிகுந்திருப்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்தே பறித்துக்கொள்கின்றன. தழைச்சத்தைப் பெருமளவில் உண்ணும் முட்டைக்கோஸ் அதில் வெளிறிய இலைகளோடு நின்றுவிடும். 2013–14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தின் கீழ்ப் பைகளையும் நார்க்கழிவுக் கட்டிகளையும் மானிய விலையில் வழங்கியபின் இவ்வகை வளர்ப்பு பரவியது. நார்க்கழிவு நீரைத் தன் எடையைப் போலப் பல மடங்கு பிடித்து வைக்குமேயன்றி உணவு தராது என்பதால், அனுபவம் உள்ளவர்கள் அதனுடன் மண்ணையும் மக்கிய ஆட்டெருவையும் கலந்து, நாற்று வேரூன்றிய பின்னும் கோசு திரளத் தொடங்கும்போதும் மேலும் எருவிடுகின்றனர். பட்டியின் எரு இவ்வாறு மாடிக்கும் ஏறியிருக்கிறது.

இந்த வரலாற்றில் வருந்தத்தக்க பகுதி ஒன்றும் உண்டு. தென்னை மண்ணிலிருந்து சாம்பல் சத்தை ஏராளமாக உறிஞ்சும் மரம். அதில் பெரும்பங்கு மட்டையில் சேர்கிறது. ஏற்றுமதிக்கு உப்புக் குறைந்த தூள் கேட்கப்படுவதால், அதைக் கழுவும்போது அந்தச் சாம்பல் சத்தும் சோடியமும் நிறப்பொருள்களும் பழுப்பு நீராக வெளியேறுகின்றன. கொறங்காட்டு உழவர் சிறுநீரைக்கூட வீணாக்காமல் காத்த அதே சத்து, இங்கே பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கும் கழிவாகிறது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2021 நவம்பரில் தென்னைநார் ஆலைகளை மாசற்ற வெள்ளைப் பிரிவிலிருந்து மாசு உண்டாக்கும் ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. ஆலை நடத்துவோர் அதை எதிர்த்தனர். தூள் கழுவும் இடங்களை ஒட்டிக் கிணறு வைத்திருப்போரோ அந்த நீர் தங்கள் காட்டுக்குள் இறங்குவதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டு வருகின்றனர்.