தேர் பார்க்க ஓர் இடம்

சித்திரை மாதத்து ரேவதி நட்சத்திரம் நெருங்கிவிட்டால் தென்னூரில் எங்கள் தெருவில் ஒரே பேச்சுத்தான். ஸ்ரீரங்கத்தில் தேரை எங்கே நின்று பார்ப்பது? காவிரிப் பாலத்தைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. இடம் பிடிப்பதுதான் பெரிய காரியம்.

சித்திரை வீதியில் உறவினர் வீடு உள்ளவர்கள் மாடியே சொர்க்கம் என்பார்கள். மிதிபடாமல் பார்க்கலாம், நடுவில் மோரும் கிடைக்கும். ஆனால் மாடியிலிருந்து தெரிவது தேரின் சீலையும் கலசமும்தான். உள்ளே வீற்றிருக்கும் நம்பெருமாளைச் சேவிக்க வேண்டுமானால் வீதியில் இறங்கியாக வேண்டும். வீதியிலும் நடுப்பகுதி உதவாது. வடம் பிடிப்பவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டால், நாம் கைகூப்புவதற்குள் தேர் கடந்துவிடும்.

வீதி முனைதான் சரியான இடம். சித்திரை வீதிகள் நான்கும் கோயிலைச் சுற்றிப் போவதால், ஒவ்வொரு முனையிலும் தேர் நின்று திரும்ப வேண்டும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு மல்லாடுவார்கள். வடத்தை அடுத்த வீதிக்கு இழுத்து நேராக்குவார்கள். அதுவரை பெருமாள் நமக்காகக் காத்திருக்கிறார்.

அந்த ஊரே ஒரு சமயம் இந்தத் தேருக்காகக் காத்திருந்தது. ஒரு நாழிகை, இரண்டு நாழிகை அல்ல, அறுபது வருஷம்! 1323-ல் டில்லிப் படை வந்தது. பிள்ளை லோகாசாரியரும் சிலரும் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். லோகாசாரியர் மதுரைக்கு அருகில் வழியிலேயே பரமபதம் அடைந்தார். மூர்த்தி பல ஊர்கள் சுற்றி, 1371-ல் விஜயநகரத்துக் கோபண்ணரின் முயற்சியால் திரும்பி வந்தது. ஆனாலும் சித்திரை உற்சவம் உடனே நடக்கவில்லை. விருப்பண்ண உடையார் 52 கிராமங்களை மானியமாகக் கொடுத்து, 1383-ல் அதை மறுபடியும் தொடங்கி வைத்தார் என்கிறது கோயிலொழுகு. விருப்பன் திருநாள் என்ற பெயர் அவரால் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படை வருவதற்கு முந்திய கடைசித் தேரைப் பத்து வயதில் தகப்பனார் தோளிலிருந்து பார்த்த பையன், 1383-ல் எழுபது வயதுக் கிழவர். அவருடைய பிள்ளைகளோ பேரன்களோ ஒருவரும் அங்கே தேர் ஓடிப் பார்த்ததில்லை. "எங்கே நின்றால் நன்றாகத் தெரியும், தாத்தா?" என்று அவரைத்தான் கேட்டிருப்பார்கள். பதில் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? சரித்திரம் படையெடுப்பையும் மானியத்தையும் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கிழவரை எழுதவில்லை. இன்னும் இருபது வருஷம் தாமதமாகியிருந்தால், தேர் என்னவோ ஓடியிருக்கும். "அதே தேர்தான்" என்று சொல்ல ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

இன்றும் இந்தத் தேருக்குச் சுற்று வட்டாரத்துக் கிராமத்து ஜனங்கள் திரளாக வருகிறார்கள். முதல் நாள் இரவே வந்து, வீதியில் துண்டை விரித்துப் படுத்து, முனையில் இடம் பிடித்துவிடுகிறார்கள். விடிந்தபின் பஸ் ஏறிவரும் தென்னூர்க்காரர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அதுதான் நியாயம். நின்றுபோன உற்சவத்தை நடத்திக் கொடுத்தது கிராமத்து நெல் அல்லவா?

தோளில் குழந்தையோடு யாராவது வந்தால் சற்று விலகி வழி விடுங்கள். பின்னொரு காலத்தில் அந்தக் குழந்தைதான் மற்றவர்களுக்கு இடம் சொல்ல வேண்டும்.