'வேணும்' என்றொரு சொல்

இணையவழி வகுப்பில் ஆசிரியர் கேட்கிறார்: "புரிந்ததா?" திரையில் பெயர் தாங்கிய கறுப்புக் கட்டங்கள், பிறகு ஒன்றிரண்டு குரல்கள்: "புரிந்தது ஐயா." 2020-இல் கல்லூரிகள் மூடப்பட்ட மாதங்களில் நம்மில் பலர் இந்த "புரிந்தது"-வை நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவித்தோம். முத்துக்குளித்துறைக்கு இந்தத் தவிப்பு பழையது.

1530களின் நடுவில் இக்கரைப் பரதவர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். அதன்பின் சொல்லித்தர ஆளில்லை. 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் பாரிசில் பயின்று, அங்கேயே தத்துவம் கற்பித்தவர். ஆனால் தமிழ் அறியாதவர். இருமொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி மன்றாட்டுகளைப் பெயர்க்கச் செய்து, மனனம் செய்துகொண்டார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைத் திரட்டினார். கற்றதை வீட்டாருக்கும் அண்டையாருக்கும் கற்பிப்பது சிறுவரின் பொறுப்பு. ஊரைவிட்டுப் புறப்படுகையில் ஓர் எழுத்துப்படியை விட்டுச் செல்வார். எழுதத் தெரிந்தோர் படியெடுத்து மனனம் செய்ய வேண்டும். ஆசிரியர் இல்லாத இடத்திலும் பாடம் நடக்கும். தொலைநிலைக் கல்வி என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வது வேறென்ன?

ஆர்வமூட்டுவதில் அவர் வென்றார் என்பதில் ஐயமில்லை. அந்த ஆர்வம் சென்ற திசை வேறு செய்தி. சிறுவர்கள் பெற்றோரையே காட்டிக்கொடுத்ததையும் சிலைகளை உடைத்து மிதித்ததையும் அவரே மகிழ்ச்சியுடன் எழுதியிருக்கிறார். நமக்கு அது மகிழ்ச்சி தரவில்லை.

1544-இல் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாச அறிக்கையில் 'விசுவசிக்கிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்றிருந்திருக்கிறது! ஞாயிறுதோறும் ஊரே கூடி, நம்புகிறேன் என்பதாக எண்ணி, வேண்டும் என்று ஓதியிருக்கிறது. ஓதியவர்களுக்குத் தமிழ் தாய்மொழி. சொல் பிசகியது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒப்பிப்பது மட்டுமே கேட்கப்பட்ட இடத்தில் யார் எழுந்து சொல்வார்?

அடுத்து வந்த அன்றிக் அடிகளார் எதிர்வழியில் தொடங்கினார். முதலில் தாம் மாணவரானார். வினைச்சொற்களை இடம், காலம் எனப் பகுத்துக் கற்று, மொழிபெயர்ப்பாளரைக் கைவிட்டார். புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். மறு ஆண்டு கொச்சியில் வந்த 'கிரிசித்தியானி வணக்கம்' ஆசிரியரும் மாணவரும் வினாவி விடையளிக்கும் வடிவிலானது. விடைகள் முன்பே எழுதப்பட்டவைதாம்; எனினும் கேட்கும் குரலுக்கு அச்சில் ஓர் இடம் கிடைத்தது.

போர்த்துக்கீசிய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் லிஸ்பனில் கையெழுத்துப்படியாகவே கிடந்து, 1982-இல்தான் அச்சேறியது.